ஸ்டெல்லாமேரியைப் போல ஒருத்தி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அமலநாதன் கூடத்தின் நடுவில் நின்று சுவர்களையெல்லாம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி மிக மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், ஏசி எந்த ரூம்ல இருக்கு?"

ஸ்டெல்லாமேரி முதலில் சிரித்துவிட்டாள். முதலியார்பேட்டையில் அவர்கள் வீட்டில் ஏசி என்ற ஒன்று இருந்ததே இல்லை. கடற்கரைப் பக்கத்து லாட்ஜுகளிலும் பங்களாக்களிலும் ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அமலநாதனின் தொழில். அடுத்தவர் வீட்டுக் குளிரில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவருக்குத் தன் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்கப் படுப்பதுதான் பிடிக்கும். அதனால் விளையாடுகிறார் என்று நினைத்தாள். ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை. செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி விட்டிருந்தார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிற வீடுகளில் இப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் பெனிஷா மருந்துப் பையைக் கீழே வைத்தாள். "அப்பா, இது நம்ம வீடுப்பா."

அவர் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். "நம்ம வீடு மாதிரியேதாம்மா இருக்கு" என்றார். மகளை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "சரி, அம்மா எங்க?" என்றார்.

ஸ்டெல்லாமேரி ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாம் தவளக்குப்பத்தில் நடந்தது. கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்தும் புழுக்கம் அடங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டியிருந்தார். அவள் போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு, "அரியாங்குப்பம் வந்ததும் போட்டுக்கறேன், அங்கதான் போலீஸ் நிப்பாங்க" என்றார். அவளும் அதற்கு மேல் சொல்லவில்லை. நேரு வீதியில் ஒரு துணிக்கடையின் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் அவள். கல்யாணத்தில் யார் யார் என்ன கட்டியிருந்தார்கள் என்று சொல்லி முடிக்கவே வழி பற்றாது. "பொண்ணு கட்டியிருந்தது பட்டே இல்லீங்க, தூரத்துல இருந்து பாத்தாத்தான் மினுமினுப்பு" என்று அவர் காதுக்கருகே சொன்னாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். அந்த நேரத்தில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்ததில் சக்கரம் மணலில் வழுக்கியது.

அவள் அந்த மணலிலேயே விழுந்தாள். முழங்கை சிராய்ந்ததோடு சரி. அவர் தலை, சாலை நடுவில் இருந்த சிமெண்டுச் சுவரின் விளிம்பில் மோதியது. ஆனாலும் எழுந்து உட்கார்ந்தார். ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஒற்றைச் செருப்பைத் தேடினார். கூட்டம் கலைய ஆரம்பித்தபோது வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது, கண் செருகியது. மண்டைக்குள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஹெல்மெட் சற்றுத் தள்ளி உருண்டு கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்தார்கள். வீங்கிய மூளைக்கு இடம் வேண்டுமென்று மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வைத்து, வீக்கம் வடிந்த பிறகு திரும்பப் பொருத்தினார்கள். அந்த வாரங்கள் ஸ்டெல்லாமேரிக்கு விடியாமலும் இருட்டாமலும் ஒரே பகலாக நீண்டு கிடந்தன. வராந்தாவில் செபமாலையை உருட்டியபடியே தூங்கிவிடுவாள். விழித்துப் பார்த்தால் விரல் அதே மணியில் நிற்கும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பச்சைத் துணிகளுக்கு நடுவே, அவர் முகம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரியும். கண் திறந்து, பேச்சு வந்து, அவள் கஞ்சி ஊட்டிய முதல் நாள், "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். நர்ஸ் என்று நினைத்துவிட்டார், மருந்து மயக்கம் என்று தாயும் மகளும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

மயக்கம் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மயக்கம் என்றால் தெளிந்திருக்குமே.

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. திருமணமான தேதி, பெனிஷா பிறந்த ஆஸ்பத்திரி, பூசைக்குப் போனால் ஸ்டெல்லா எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவாள் என்பது வரை சொன்னார். எதிரில் நிற்பவள் அவள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். கல்யாண போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிக் காட்டினாள். கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இதுதாங்க மேடம் ஸ்டெல்லா. உங்களுக்குத் தெரியுமா அவள?"

"என்னை நல்லாப் பாருங்க. நான்தாங்க."

அவர் பார்த்தார். நெற்றியிலிருந்து மோவாய் வரை, ஒரு வால்வைச் சோதிப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். "அப்படியே இருக்கீங்க" என்றார். "மச்சம்கூட அதே எடத்துல. ஆனா நீங்க அவ இல்ல." சொல்லிவிட்டு, தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று சங்கடப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் படுக்கையறைக்குள் வந்தால் அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு அவள் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் மனைவி முன் ஒரு நல்ல மனிதன் எப்படி நடந்துகொள்வானோ அப்படி நடந்துகொண்டார். ஸ்டெல்லாமேரி கூடத்தில் பாய் போட்டுக்கொண்டாள். கனவில் நாம் கூப்பிடுவோம், எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்காது. அந்தக் கனவு போல இருந்தது அவளுக்கு. காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறபோது, அவளுக்கே சில சமயம் தன் முகம் இரவல் முகம்போலத் தோன்றியது.

எல்லா நாளும் மரியாதையாகப் போகவில்லை. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். ஒரு சட்டைப் பொத்தான் போடுவதற்குள் களைத்துப்போய் மத்தியானம் முழுக்கத் தூங்கினார். ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பெனிஷாவைப் பார்த்து, "உங்கம்மாவ எங்க தொலைச்சீங்க? அவளக் காணும்னு ஒருத்தருக்கும் கவலை இல்ல. நீ இந்தம்மா சமைச்சத உக்காந்து சாப்பிடற" என்றார்.

பெனிஷா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அப்பாவுக்காக வந்து, அறை மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா, இதுதான் அம்மா! உன் எதிர்ல நிக்கறாங்களே இவங்கதான்! எத்தினி வாட்டி சொல்றது?"

தட்டு சுவரில் போய் மோதியது. ரசம் காலண்டரில் வழிந்தது. அவர் நடுங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் கண்களில் அதிகம் இருந்தது. மகளும் சேர்ந்து பொய் சொல்கிறாள் என்று ஒரு மனிதன் நம்பினால் அவனுக்கு இந்த உலகத்தில் யார்தான் இருக்கிறார்கள் என்று ஸ்டெல்லாமேரிக்குத் தோன்றியது. பருக்கைகளைப் பொறுக்கியபடியே மகளிடம், "இனிமே சொல்லாதம்மா" என்றாள்.

டாக்டர் சிவசங்கரியும் அதையேதான் சொன்னார்.

"மொகத்தப் பாக்கறதுல அவருக்குக் கொறை இல்ல. ஆனா நமக்கு வேண்டியவங்க மொகத்தப் பாத்ததும் மனசுக்குள்ள ஒரு கதகதப்பு வரும் பாருங்க, அது வர்ற வழி அடிபட்டிருக்கும்னு நெனைக்கிறோம். மொகம் தெரியுது, கதகதப்பு வரல. அப்ப மூளை என்ன செய்யும்? அதே மாதிரி வேற யாரோன்னு முடிவு பண்ணிக்கும். அவரு வேணும்னு செய்யலம்மா. உங்கள வெறுக்கவும் இல்ல."

"பொண்ணத் தெரியுதே டாக்டர்? என்னை மட்டும் ஏன்?"

"ரொம்ப நெருங்கினவங்க மேலதான் இது பெரும்பாலும் வரும்."

"சரியாகுமா?"

"சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாறும். சில பேருக்கு அப்படியே நின்னுடும். இப்பவே சொல்ல முடியாது. வாதாடாதீங்க, அவருக்குப் பயம் வராமப் பாத்துக்கங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பும்போது, அவ்வளவு நெருங்கி இருந்திருக்க வேண்டாமோ என்று நினைத்தாள். உடனே, அப்படி நினைத்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் மேடமாகவே இருக்கப் பழகினாள். அவர் கேட்டால் மட்டும் பதில் சொன்னாள். சாயந்திரம் டீ கொடுத்துவிட்டு, மரியாதையான தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வேப்பமரத்து நிழல் கூடத்துத் தரையில் அசைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார். பேச்செல்லாம் ஸ்டெல்லாவைப் பற்றித்தான்.

"அவ தூக்கத்துல சிரிப்பா மேடம். சின்னப் புள்ளைங்க சிரிக்குமே, அந்த மாதிரி. நான் எழுப்ப மாட்டேன். என்ன கனவுன்னும் கேக்க மாட்டேன். கேட்டா நின்னுடுமோன்னு பயம்."

ஸ்டெல்லாமேரி டம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் அவர் இதை அவளிடம் சொன்னதில்லை. பேச்சில் சிக்கனமானவர். வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள்தான் பேசுவாள், அவர் சிரிப்பார், அவ்வளவுதான். இப்போது தன்னைப் பற்றித் தனக்கே தெரியாததையெல்லாம் ஒரு அந்நியப் பெண்ணாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அந்த ஸ்டெல்லா மீது அவளுக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

போன் விஷயம் தற்செயலாக நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். ஐஸ் தண்ணீர் பாதத்தை நனைக்க, கூடைக்காரம்மாக்களின் கூச்சலுக்கு நடுவே நின்று, இஞ்சி இருக்கிறதா என்று கேட்கப் பெனிஷாவைக் கூப்பிட்டாள். பெனிஷா குளித்துக்கொண்டிருந்தாள். மேசையில் அடித்த போனை அமலநாதன் எடுத்தார்.

"பெனி, இஞ்சி இருக்கா பாரும்மா."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஸ்டெல்லா?"

மீன் கத்திகளின் சத்தம், பேரம், சுமைதூக்குகிறவர்களின் "ஓரம், ஓரம்" எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன.

"ஸ்டெல்லா, நீயாம்மா? இன்னா ஆச்சு உனக்கு? எங்க இருக்க?"

"மார்க்கெட்ல இருக்கேங்க."

"மார்க்கெட்லயா? இத்தினி மாசமா மார்க்கெட்லயா இருந்த?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி வந்தாள். கதவைத் திறந்த அமலநாதனின் முகம் மலர்ந்திருந்தது. விபத்துக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

"வாங்க மேடம்! ஸ்டெல்லா பேசினா. நல்லா இருக்காளாம். வஞ்சிரம் வாங்கிட்டு வரேன்னா." பிறகு அவள் பையை எட்டிப் பார்த்தார். "அட, நீங்களும் வஞ்சிரமா?"

முகம் எதிரில் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது என்றார் டாக்டர். காது வழியாகப் போகிற பாதை அடிபடாமல் இருக்கலாம், இப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு.

"அப்ப தெனமும் போன்ல பேசட்டுமா? அது அவர ஏமாத்தற மாதிரி ஆயிடாதா?"

"பேசப்போறது நீங்கதானம்மா? அதுல ஏமாத்த என்ன இருக்கு?"

அவள் துணிக்கடைக்குத் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேல்மாடிக் கிடங்குக்குப் போய்விடுவாள். அங்கே பிரிக்காத புடவைக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒற்றை ஜன்னல் வழியாக வெயில் நுழைந்து, தூசியும் ஜரிகையும் ஒரே பொன்னாக மிதக்கும். புதுத் துணியின் கஞ்சி வாசத்துக்கு நடுவே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து கூப்பிடுவாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. அந்தம்மா சாம்பார் வச்சிட்டுப் போயிருந்தாங்க. நல்லாத்தான் வைக்கறாங்க, உன்ன மாதிரியே. நீ எப்ப வர?"

"வருவேங்க. கொஞ்ச நாள் ஆவும்."

"எங்க தங்கியிருக்கன்னு சொல்ல மாட்டேங்கறியே."

"ரொம்பத் தூரம் இல்ல. பக்கத்துலதான் இருக்கேன்."

அவர் மேலும் கேட்பதில்லை. அவள் கடைக்கு வந்தவர்களின் கதைகளைச் சொல்வாள். இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிப் போன அம்மாளைப் பற்றிச் சொன்னால், வண்டியில் போகும்போது சிரிப்பதுபோலவே சிரிப்பார். தோள் குலுங்குவது அவளுக்குக் கேட்கும். சாயந்திரம் வீட்டுக்குப் போனால் கைகளைக் கோத்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்பார். ஒரே நாளில் காதலியாகவும் விருந்தாளியாகவும் இருப்பது விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பயப்படுவது குறைந்தது. தட்டுகள் பறக்கவில்லை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிட்டார், "ஸ்டெல்லா சாப்பிடச் சொன்னா" என்று.

பெனிஷாவுக்குத்தான் முதலில் இது பிடிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைப் பைத்தியமாக்கறீங்கம்மா" என்றாள். ஒரு மத்தியானம் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று, இளைஞன்போல நகத்தால் கம்பியைச் சுரண்டியபடி பேசுவதைப் பார்த்தாள். லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். சென்னை ஆபீசுக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது, போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றவளை ஸ்டெல்லாமேரிதான் அனுப்பி வைத்தாள்.

"நீ போம்மா. இங்க நான் ரெண்டு பேரா இருக்கேன், போதும்."

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் போனில் அமலநாதன் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஸ்டெல்லா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"இந்த வீட்ல இருக்காங்களே, அந்தம்மா." தொண்டையைச் செருமினார். "அவங்க வேலைக்குப் போயிட்டா வீடு என்னமோ மாதிரி இருக்கு. சாயந்திரம் கேட் சத்தம் கேட்டா மனசு... எனக்கே புடிக்கல இது. நீ அங்க தனியா இருக்க. நான் இங்க இப்படி. நேத்து அவங்க கூடத்துல உக்காந்தபடியே தூங்கிட்டாங்க. போர்வை எடுத்துப் போத்திவுட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

ஸ்டெல்லாமேரி பக்கத்திலிருந்த புடவைக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். காலையில் எழுந்தபோது மேலே கிடந்த போர்வையைத் தானே எடுத்துப் போர்த்திக்கொண்டோம் என்று நினைத்திருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு, எங்கோ ஒரு மூலையில், போனில் இருக்கிற ஸ்டெல்லாவுக்குச் சுருக்கென்றது. இன்னொருத்தியா? அந்த எண்ணம் வந்த வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தப் பக்கம் அவர் பயந்துபோய், "அழுவுறியா?" என்றார்.

"இல்லீங்க. அவங்க எப்படி, நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்க. யாரும் இல்லாதவங்கபோல இருக்கு. சில நேரம் கண்ணாடி முன்னாடி நின்னு அவங்களையே பாத்துக்கிட்டு இருக்காங்க. பாவமா இருக்கு."

அவர் அதைக் கவனித்திருக்கிறார்.

"எனக்குக் கோவம் இல்லீங்க" என்றாள். "அவங்களத் தனியா வுடாதீங்க. அன்பா இருங்க. நான் சொல்றேன்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அன்று சாயந்திரம் வீட்டுக் கதவைத் திறந்தபோது அவர் சலவைச் சட்டை போட்டுத் தயாராக நின்றிருந்தார். பொத்தான்கள் ஒன்று தள்ளி ஏறியிருந்தன.

"மேடம், கடற்கரைக்கு ஒரு நட போயிட்டு வரலாமா? ஸ்டெல்லாகிட்ட கேட்டுட்டேன். அவளுக்குச் சம்மதம்."

ஆட்டோவில் போனார்கள். சாயந்திரத்தில் வண்டிகள் போகாத அந்தச் சாலையில் ஜனங்கள் தண்ணீரில் மிதப்பதுபோல நடந்துகொண்டிருந்தார்கள். கடல் சாம்பல் நிறத்தில் மேகத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவர் இரண்டு அடி தள்ளியே நடந்தார். விபத்துக்குப் பிறகு அவருக்கு இடது கால் சரியாக எழும்பாது. நடைபாதை விளிம்பில் தடுக்கினார். அவள் சட்டென்று கையைப் பிடித்தாள். நிமிர்ந்த பிறகும் அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை. இருவரும் பாறைகளில் அலை உடைவதைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். யாரோ ஒரு புதிய ஆணோடு நடக்கிற கூச்சம் ஸ்டெல்லாமேரியின் கழுத்தில் ஏறியது. அவள் பொத்தான்களைச் சரிசெய்தபோது அவர் குழந்தைபோல மோவாயை உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் அவளை "மேடம்" என்பதை விட்டு "இந்தாம்மா" என்றார். தவக்காலத்தில் ஒருநாள், தீப்பெட்டி கேட்கும்போது, "ஸ்டெல்லா" என்று வாயில் வந்தது. அவளும் திரும்பிப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தாள். மறுநாளே மேடம். சில நாள் காலையில் மனைவி, களைத்துப்போன சாயந்திரத்தில் அந்நியப் பெண். வானிலைபோல வரும், போகும். மத்தியானப் போன் தானாகக் குறைந்தது. ஒரு வாரம் கூப்பிட மறந்திருந்தாள், அவரும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்த முதல் நாள், அவர் சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். அது யாருக்கு விட்ட இடம் என்று அவள் கேட்கவில்லை.

தொழில் கூட்டாளி செல்வகுமார் இப்போது வாரத்தில் சில காலைகள் வந்து அவரைத் தன் பட்டறைக்கு அழைத்துப் போகிறார். ஏணியில் ஏற்றுவதில்லை. கழற்றி வைத்த பாகங்களைக் கழுவித் துடைத்து அடுக்குவார். "கை மறக்கல அண்ணி, அண்ணனுக்குச் சலிப்பு மட்டும் சீக்கிரம் வந்துடுது" என்பார் செல்வகுமார். மத்தியானத்துக்குள் அமலநாதன் வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவார். பெனிஷா சனிக்கிழமைகளில் வருகிறாள். அப்பாவிடம் எதையும் நிரூபிக்க முயல்வதில்லை.

போன வாரம் கோடை மழை ஒன்று திடீரென்று கொட்டியது. ஸ்டெல்லாமேரி கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். அமலநாதன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் அடிபட்டதோடு அவருக்கு வாசனை என்பதே போய்விட்டது; பூவும் ஒன்றுதான், பெட்ரோலும் ஒன்றுதான்.

"மண்ணு வாசன வருதா?" என்று கேட்டார்.

"வருதே. நல்லா வருது."

"எப்படி இருக்கு, சொல்லேன்."

அவள் துணி மூட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். எப்படிச் சொல்வதென்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.